ஆங்கிலத்தைக் கேட்கக் கற்பித்தல்: பொன்னேரியிலிருந்து ஒரு பார்வை

ஐ.டி.ஐ. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குச் சேரும் இளைஞருக்கு முதல் மாதத்தில் ஆங்கிலம் பேச வேண்டிய தேவை அதிகம் வராது. கேட்க வேண்டிய தேவை முதல் நாளே வந்துவிடும். பாதுகாப்புப் பயிற்சிக் காணொளி பெரும்பாலும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஓடும். புதிய எந்திரத்தைப் பொருத்த வந்த பொறியாளர், குஜராத்திலிருந்து வந்தாலும் கொரியாவிலிருந்து வந்தாலும், தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்தான் விளக்குவார். தணிக்கைக்கு வருபவரின் கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். ஷிஃப்ட் இன்சார்ஜ் பேச்சில் இந்தி பாதி, ஆங்கிலம் பாதி. இத்தனைக்கும் அந்த இளைஞர் "யெஸ் சார்" என்று தலையாட்டுகிறார். சார் நகர்ந்ததும் பக்கத்தில் நிற்பவரிடம், "என்னண்ணா சொன்னாரு?" என்று கேட்கிறார்.

திருவள்ளூர் மாவட்டத்தின் பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி கடைத்தெருக்களில் ஸ்போக்கன் இங்கிலீஷ் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. தயக்கமில்லாமல் பேசலாம், சரளமாகப் பேசலாம் என்பது அவற்றின் வாக்குறுதி. கேட்டுப் புரிந்துகொள்ளச் சொல்லித் தருகிறோம் என்று யாரும் பலகை வைப்பதில்லை. பள்ளியிலும் இதே நிலைதான். முதல் வகுப்பு முதல் ஆங்கிலம் ஒரு பாடம். பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் அதற்கு 100 மதிப்பெண். அந்த நூறும் எழுத்தில். கேட்டல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை இந்த ஏற்பாட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த நம்பிக்கை தவறு என்பதே என் வாதம். கேட்டலைக் கற்பிக்க முடியும். அதற்கு வேண்டிய அடிப்படைகளில் பாதி நம்மிடமே இருக்கின்றன: சில நம் இலக்கண வகுப்பில், சில நம் ஊர்களில் நாற்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு பரிசோதனையில்.

முதலில் இந்த வட்டாரத்தின் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஒருமொழிக் காது அன்று. ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. அங்கே ஆந்திரம் தொடங்கிவிடுகிறது. கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் வீட்டுமொழி தெலுங்கு. உருக்காலைகளிலும் உருட்டாலைகளிலும் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள் வேலை பார்க்கிறார்கள். கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் ஈழத்தமிழும் ஒலிக்கிறது. கிழக்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். 2014ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில், சென்னை–பெங்களூரு தொழில் வழித்தடத்தில் அமையவிருந்த மூன்று புதிய ஸ்மார்ட் நகரங்களில் ஒன்றாகப் பொன்னேரியின் பெயர் அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு விவாதம். தொழிலும் துறைமுகமும் இந்த வட்டாரத்தை நாலாபக்கத்து மொழிகளோடும் பிணைத்துவிட்டன என்பதில் ஐயமில்லை.

இப்பகுதி மக்கள் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு: "தெலுங்கு புரியும், பேச வராது." யாரும் அவர்களுக்குத் தெலுங்கு சொல்லிக்கொடுக்கவில்லை. சந்தையில், பேருந்தில், பக்கத்து வீட்டில், தொலைக்காட்சியில் கேட்டார்கள்; புரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இதுவே தலைகீழாகிறது. எழுத வரும், வாசிக்க வரும், ஓரளவு பேசவும் வரும். எதிரில் இருப்பவர் பேசினால் பிடிபடாது. ஒரே காதுதான். தெலுங்கு காதின் வழியே வந்தது, ஆங்கிலம் கண்ணின் வழியே வந்தது என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

கண் வழியே ஆங்கிலம் கற்றவருக்குக் காதில் என்ன நேர்கிறது? வேகம்தான் பிரச்சினை என்று மாணவர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. டவ்ரோசா, ஆலிசன் இருவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, பிரிட்டிஷ் ஆங்கில உரையாடலின் சராசரி வேகம் நிமிடத்துக்குச் சுமார் 210 சொற்கள்; ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கு நடத்தும் விரிவுரையில் அது சுமார் 140. ஆனால் வேகத்தைக் குறைத்து ஓடவிட்டாலும் பலருக்குப் புரிவதில்லை. காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அச்சில் சொல்லுக்குச் சொல் வெள்ளை இடைவெளி உண்டு, பேச்சில் கிடையாது. எந்தச் சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைக் காதே வெட்டிப் பிரிக்க வேண்டும். மாணவருக்குத் தெரியாத சொற்களால் வருவதைவிட, தெரிந்த சொற்கள் அடையாளம் தெரியாமல் வருவதால்தான் அதிகம் தடுமாற்றம் ஏற்படுகிறது.

ஒரு பட்டறை வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "ஸ்விட்ச் இட் ஆஃப்" என்று மூன்று சொல்லாகப் பாடநூலில் படித்த மாணவரின் காதில் விழுவது "ஸ்விச்சிடாஃப்" என்ற ஒரே சொல். "டர்ன் இட் ஆன் அகெய்ன்" என்பது "டர்னிடானகெய்ன்" ஆகிவிடுகிறது. அவருக்கு இதில் எல்லாச் சொல்லும் தெரியும். எழுதிக் காட்டினால், "அட, இதுவா!" என்பார்.

தமிழ் வகுப்பில் இதே மாணவர் என்ன படித்தார் என்று பாருங்கள். கடல் என்பதோடு அலை சேர்ந்தால் கடலலை. மெய்யின் மேல் உயிர் வந்து ஏறும். எட்டாம் வகுப்புக்குள் இது எல்லாருக்கும் பாடமாகிவிடுகிறது. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஒன்பது இயல்களில் ஆறு, சொற்கள் ஒன்றோடொன்று சேரும்போது ஒலிகளுக்கு நேரும் மாற்றங்களைப் பேசுகின்றன. உலகின் பழைய இலக்கண மரபுகளில் இவ்வளவு இடத்தைப் புணர்ச்சிக்குக் கொடுத்தவை மிகச் சில. அந்த மரபில் வந்த பிள்ளைக்கு ஆங்கில ஆசிரியர், "ஆங்கிலத்திலும் மெய்யின் மேல் உயிர் ஏறும், எழுத்தில் காட்டமாட்டார்கள், அவ்வளவுதான்" என்று ஒரு வரி சொன்னால் பாதிக் கதவு திறந்துவிடும். தமிழாசிரியர் கரும்பலகையில் "பிரித்து எழுதுக" என்று போடுவதை ஆங்கில ஆசிரியர் ஒலிப்பதிவை வைத்துச் செய்தால், அதுவே கேட்டல் பயிற்சி. பக்கத்து வகுப்பறையில் இருக்கும் இந்த அறிவை ஆங்கிலப் பாடம் ஒருநாளும் கடன் கேட்டதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

குறுக்கத்துக்கும் இது பொருந்தும். ஆங்கில வாக்கியத்தில் பொருள் சுமக்கும் சொற்கள் அழுத்தம் பெறும். இடையில் வரும் சிறு சொற்கள் சுருங்கும். "அண்ட்" வெறும் "ன்" ஆகும், "ஃபார்" "ஃப" ஆகும், "டு" இருக்கும் இடமே தெரியாது. ஒவ்வோர் அசைக்கும் ஏறக்குறையச் சமமான நேரம் கொடுத்துப் பழகிய தமிழ்க் காது, அந்தச் சிறு சொற்களும் முழுசாக வரும் என்று காத்திருக்கிறது. அவை வருவதில்லை. ஆனால் ஓர் உயிர் தன் அளவிலிருந்து குறைந்து ஒலிப்பது நமக்குப் புதிதா? காடு, பாட்டு, பஞ்சு ஆகிய சொற்களின் கடைசி உகரம் அரை மாத்திரைக்குக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று பெயர் சூட்டி ஒரு தனி இயலே வைத்தவர்கள் நாம். எங்கே குறுகும், எங்கே குறுகாது என்ற விதிகள் இரு மொழியிலும் வேறு வேறுதான். ஒலி குறுகும், குறுகினாலும் சொல் அதுவே என்ற அடிப்படை உண்மை ஒன்றே.

இரட்டை வழக்கையும் பயன்படுத்தலாம். "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று புத்தகத்தில் படிக்கும் பிள்ளை, தெருவில் "இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்று கேட்டு வளர்கிறது. எழுதுவது ஒன்று, வாயில் வருவது வேறு என்பதை அதற்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் மட்டும் எழுதியபடியே ஒலிக்கும் என்ற எண்ணம் எப்படியோ வகுப்பறையில் ஊன்றிவிட்டது. ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் பிரித்துப் பிரித்து, நிறுத்தி நிறுத்தி வாசிக்கும்போது அந்த எண்ணம் இன்னும் இறுகுகிறது.

இந்தத் தடுமாற்றம் எங்கே ஆபத்தாகிறது என்பதற்கு ஒரு சொல்லிணை போதும்: "கேன்", "கான்ட்". "இப்போது ஸ்டார்ட் செய்யலாம்" என்பதற்கும் "செய்யக் கூடாது" என்பதற்கும் நடுவில் நிற்கும் வேறுபாடு இது. மாணவர் கடைசி "ட்" ஒலியைத் தேடுகிறார். அமெரிக்க உச்சரிப்பில் பேசுபவர் அந்த "ட்"டை முழுசாக விடுவிப்பதே இல்லை. இரண்டிலும் உயிரொலியும் ஏறக்குறைய ஒன்றே. "பஸ்ஸு", "கேட்டு" என்று கடைசி மெய்க்குப் பின் ஓர் உகரம் சேர்த்துப் பழகிய நமக்கு, விடுவிக்காத மெய் காதிலேயே விழாது. உண்மையான அடையாளம் அழுத்தத்தில் இருக்கிறது. உடன்பாட்டில் "கேன்" என்பது "க்ன்" என்று சுருங்கி வினைச்சொல்லின் மேல் அழுத்தம் போகும். எதிர்மறையில் அந்தச் சொல்லே அழுந்தி நிற்கும். கடைசி எழுத்தைத் தேடாதே, எது அழுந்துகிறது என்று கவனி என்று சொல்லிக்கொடுத்து, பத்து வாக்கியங்களைக் கேட்கவைத்துக் கை தூக்கச் சொன்னால் ஒரு பாடவேளையில் முன்னேற்றம் தெரியும். பதினைந்துக்கும் ஐம்பதுக்குமான ஆங்கிலச் சொற்களிலும் இதே அழுத்தப் பாடம்தான். அளவுகளும் எடைகளும் புழங்கும் இடத்தில் அதன் மதிப்பைச் சொல்லத் தேவையில்லை. உரையாடல் ஆங்கிலத்தில் வரும் பொருட்சொற்களில் சுமார் 90 விழுக்காடு அழுத்தமான அசையில் தொடங்குகின்றன என்று ஆன் கட்லரும் டேவிட் கார்ட்டரும் 1987இல் காட்டினார்கள். அழுத்தத்தைப் பிடித்தால் சொல்லின் தொடக்கம் கிடைக்கும். ஆங்கிலம் கேட்கும் எவருக்கும் இதைவிடப் பயனுள்ள குறிப்பு கிடைப்பது அரிது.

இவற்றையெல்லாம் நம் பள்ளிகள் ஏன் கற்பிக்கவில்லை என்ற கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1952இல் சென்னை மாநிலத்தில் ஆங்கிலத்துக்கு வாக்கிய அமைப்புகளை அடிப்படையாகக் கொண்ட பாடத்திட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில், தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு அந்த முறையில் மறுபயிற்சி அளிக்க ஒரு பெரும் இயக்கம் நடந்தது. சிலர் பயிற்சி பெற்று, அவர்கள் பலருக்குப் பயிற்சி அளித்து, அந்தப் பலர் இன்னும் பலருக்கு அளிப்பது திட்டம். ஆங்கிலக் கல்வி இலக்கியத்தில் இது "மெட்ராஸ் ஸ்னோபால்" என்ற பெயரில் அறியப்படுகிறது. அதன் அளவு இன்றும் வியக்கவைக்கிறது. அந்த முறையில் வாய்மொழிப் பயிற்சிக்கு நிறைய இடம் இருந்தது. ஆனால் மாணவர் கேட்டது திருப்பிச் சொல்வதற்காக. "திஸ் இஸ் எ பென்" என்று ஆசிரியர் சொல்வார், வகுப்பு முழங்கும். கேட்டதிலிருந்து ஏதேனும் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை மாணவருக்கு எழவில்லை. தமக்கு முன்பே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இந்த முறை போதாது என்ற எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் என்.எஸ். பிரபுவின் திட்டம். அப்போது அவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தார். பெங்களூரிலிருந்த தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனத்தோடு சேர்ந்து 1979 முதல் 1984 வரை, சென்னை உள்ளிட்ட தென்னிந்திய ஊர்களின் சில பள்ளி வகுப்புகளில் அது நடந்தது. உலகம் அதை "பெங்களூர்த் திட்டம்" என்று அழைக்கிறது. செயல்வழி மொழிக் கல்வி பற்றி இன்று எந்த நாட்டில் நூல் வந்தாலும் பிரபுவின் பெயர் இல்லாமல் இராது. நம் ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் அவர் பெயரைக் கேட்பதுதான் அரிதாக இருக்கிறது.

அந்த வகுப்பில் நடந்தது எளிமையானது. ரயில் கால அட்டவணை, ஊர் வரைபடம், பள்ளிப் பாடவேளை அட்டவணை ஆகியவை கையில் இருக்கும். ஆசிரியர் முதலில் முழு வகுப்போடும் ஆங்கிலத்தில் பேசியபடியே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார்: இந்த வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது எது, எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்? பிறகு அதுபோன்ற இன்னொரு கணக்கை மாணவர் தனித்தனியே செய்ய வேண்டும். இலக்கணம் தனியே சொல்லித்தரப்படவில்லை. பேசு பேசு என்று யாரும் நெருக்கவில்லை; ஒரு சொல்லில் பதில் சொன்னால் போதும், ஒரு எண்ணைச் சொன்னாலும் போதும், தமிழில் ஏதாவது சொன்னாலும் குற்றமில்லை. ஆசிரியர் தம் ஆங்கிலத்தை, ஒரு பெரியவர் குழந்தையோடு பேசும்போது செய்வதுபோல, கேட்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து எளிமையாக்கிக்கொண்டார். பாடம் பொருத்தமான கடினத்தில் இருக்கிறதா என்பதற்குப் பிரபு வைத்த அளவுகோல் எனக்கு மிகவும் பிடித்தமானது: வகுப்பில் குறைந்தது பாதிப் பேர், பணியில் குறைந்தது பாதியைச் சரியாகச் செய்ய வேண்டும்.

இதைக் கேட்டல் திட்டம் என்று அவர் அழைக்கவில்லை. ஆயினும் அந்த வகுப்பின் பெரும்பகுதி கேட்டல்தான். மாணவர் கேட்டார்கள்; கேட்டதை வைத்துச் சிந்தித்தார்கள்; சரியாகக் கேட்டார்களா என்பதை விடையே காட்டிக்கொடுத்தது. புரிதல் முன்னே போகும், பேச்சு பின்னே வரும் என்ற நம்பிக்கையில் அந்தத் திட்டம் நின்றது. "தெலுங்கு புரியும், பேச வராது" என்று சொல்லும் பொன்னேரிக்காரர் எந்தப் படியில் நிற்கிறாரோ, அந்தப் படியை அது குறையாகக் கருதவில்லை. வழியில் வரும் இயல்பான நிலையாகக் கண்டது.

பலன் என்ன? பெரெட்டா, டேவீஸ் இருவரும் செய்த மதிப்பீடு 1985இல் வந்தது. வாக்கிய அமைப்புத் தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முந்தினார்கள். செயல்வழித் தேர்வில் திட்ட மாணவர்கள் முந்தினார்கள். எந்தப் பக்கமும் சாயாத தேர்வுகளில், சொல்வதை எழுதுதலும் அவற்றில் ஒன்று, முடிவுகள் மொத்தத்தில் திட்டத்தின் பக்கம் சாய்ந்தன. எச்சரிக்கையோடுதான் அவர்கள் இதைச் சொன்னார்கள். பின்னர் பெரெட்டா தனியே செய்த ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. திட்டத்துக்காகவே வந்த, ஆங்கிலம் நன்கு கைவந்த பயிற்றுநர்கள் இதைச் சிறப்பாக நடத்தினார்கள். பள்ளிகளின் வழக்கமான ஆசிரியர்கள் பலருக்கு இது கைகூடவில்லை. நின்ற இடத்தில், எழுதி வைத்துக்கொள்ளாத ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தது அவர்களைத் தயங்கவைத்திருக்கும் என்று நான் கருதுகிறேன். குறை ஆசிரியருடையது அன்று; அவர்களும் கண் வழியே ஆங்கிலம் கற்றவர்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதற்கு மாற்று இல்லை. இன்று ஒவ்வொரு கையிலும் ஒலிப்பதிவு செய்யும் கருவி இருக்கிறது. பிரபுவின் வகுப்பு எங்கே தடுக்கி நின்றதோ அங்கிருந்து நாம் தொடரலாம்.

2018 முதல் வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கேட்டலுக்கென்று பகுதி உண்டு; க்யூஆர் குறியீடுகளும் உண்டு. இது பாராட்ட வேண்டிய மாற்றம். அந்தப் பகுதி வகுப்பில் எப்படி நடக்கிறது என்பதில்தான் சிக்கல். ஆசிரியர் ஒரு பத்தியை வாசிக்கிறார், மாணவர் கோடிட்ட இடத்தை நிரப்புகிறார், விடை சொல்லப்படுகிறது, சரி என்றால் சரி, தவறு என்றால் தவறு. கேட்டலை ஆராய்ந்த ஜான் ஃபீல்ட் 1998இலும், விரிவாகத் தம் 2008ஆம் ஆண்டு நூலிலும் சொன்ன குறை இதுதான்: இது கேட்டலைச் சோதிக்கிறது, கற்பிப்பதில்லை. தவறான விடைதான் ஆசிரியருக்குக் கிடைக்கும் மிக மதிப்புள்ள செய்தி என்பார் அவர். மாணவர் எந்த ஒலியை எதுவாகக் கேட்டார், எங்கே வெட்டினார், எந்தச் சொல்லில் நின்றுவிட்டதால் அடுத்த மூன்று சொல்லைத் தவறவிட்டார் என்று தேடிப் போக வேண்டும்.

அதற்கு நம் கையில் ஏற்கெனவே ஒரு பழைய கருவி இருக்கிறது: டிக்டேஷன். நம் பள்ளிகளில் அது பத்துச் சொல்லைச் சொல்லி எழுத்துப்பிழை பார்ப்பதாகச் சுருங்கிவிட்டது. தனிச் சொல்லுக்குப் பதில், இயல்பான வேகத்தில் ஐந்தாறு சொல் கொண்ட துண்டுகளைக் கொடுக்கலாம். "ஸ்விச்சிடாஃப்" போன்றவை. காதில் விழுந்ததை விழுந்தபடி, தேவையானால் தமிழெழுத்திலேயே எழுதச் சொல்லலாம். பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து, இது என்ன சொற்களாக இருக்கும் என்று பேசி முடிவுசெய்து, மறுபடி கேட்டு, கடைசியில் எழுத்து வடிவைப் பார்க்கலாம். ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு கற்றவர்களிடம் வாண்டர்கிரிஃப்ட், தஃபாகோத்தாரி இருவரும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகைச் சுழற்சிக்கு ஆதாரம் தருகிறது. முன்கூட்டியே ஊகிப்பது, கேட்பது, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடுவது, மறுபடி கேட்பது, எப்படிக் கேட்டேன் என்று யோசிப்பது என்ற வரிசையில் படித்தவர்கள், அதே ஒலிப்பதிவுகளைச் சும்மா கேட்டவர்களைவிட முன்னேறினார்கள். தொடக்கத்தில் பின்தங்கியிருந்தவர்களுக்கே அதிகப் பலன். இந்தச் செய்தி அரசுப் பள்ளி ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஒலிப்பதிவுக்கு எங்கே போவது? சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் வண்டித் தடத்தில், அனுப்பம்பட்டுக்கும் கவரைப்பேட்டைக்கும் நடுவில் இருக்கும் பொன்னேரி நிலையத்துக்கே போகலாம். அங்கே ஒரே அறிவிப்பு தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. கேட்டல் பாடத்துக்கு இதைவிட நல்ல மூலப்பொருளைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. செய்தி என்ன என்பது தமிழில் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலம் வரும்போது காது பொருளைத் தேடி அலைய வேண்டாம், ஒலியை மட்டும் பிடித்தால் போதும். வண்டி எண், நடைமேடை எண், நேரம் எல்லாம் எண்கள். நிலையப் பெயர்கள் நமக்குத் தெரிந்தவை. அவை ஆங்கில அறிவிப்பின் ஒலியில் எப்படி மாறுகின்றன என்பது தனிப் பாடம். கைபேசியில் பதிவுசெய்து வகுப்பில் ஓடவிட்டு, முதலில் எண், பிறகு ஊர், பிறகு முழு வாக்கியம் என்று போகலாம். நிலைய இரைச்சலும் அதில் சேர்ந்து வரும், அது நல்லதே. இரைச்சலில் தாய்மொழி கேட்பவரைவிட இரண்டாம் மொழி கேட்பவர் அதிகம் தடுமாறுவார் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. உருட்டாலைக்குப் போகப்போகிறவர் அமைதியான அறையில் மட்டும் பழகினால் போதாது.

வீட்டில் படம் பார்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மிட்டரர், மெக்வீன் இருவரும் 2009இல் டச்சு மாணவர்களிடம் செய்த சோதனையில், பழக்கமில்லாத ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்புகளை ஆங்கில எழுத்தோடு பார்த்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். தாய்மொழி எழுத்தோடு பார்த்தவர்களுக்கு அது இடையூறாகவே இருந்தது. ஆங்கிலப் படத்தை ஆங்கில எழுத்தோடு பார்ப்பது காதுக்கு நல்லது. தமிழ் எழுத்து கதைக்கு உதவும், காதுக்கு உதவாது.

மீண்டும் அந்த "யெஸ் சார்" பக்கம் வருகிறேன். இந்தப் பிரச்சினையில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். புரியாதபோது மறுபடி கேட்பதும் கேட்டல் திறனில் ஒரு பகுதி. நம் பிள்ளைகள் அதைக் கற்காமல் வளர்வதற்கு மொழியறிவு மட்டும் காரணமில்லை. பெரியவர்கள் சொன்னதைத் திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு, கவனமில்லாதவன் என்று பேர் வரும் என்ற அச்சம் வகுப்பறையிலேயே ஊன்றப்படுகிறது. தொழிற்சாலையில் அந்த மரியாதை விரலைக் கேட்கும், சில நேரம் உயிரைக் கேட்கும்.

தவறாகப் புரிந்துகொள்வதன் விலை விண்ணில் என்ன என்று நம் நாட்டுக்குத் தெரியும். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் வானில் மோதி, இரண்டிலும் இருந்த 349 பேரும் இறந்தார்கள். 15,000 அடியில் நிற்கச் சொல்லப்பட்ட கஜக் விமானம் அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அதன் விமானியருக்கு ஆங்கிலத்தில் இருந்த குறைபாடும் விசாரணையில் பேசப்பட்டது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் மொழித்திறன் விதிகளைக் கொண்டுவந்தபோது, உச்சரிப்பு, சொல்வளம் ஆகியவற்றோடு கேட்டுப் புரிந்துகொள்வதையும் தனித் தகுதியாக அளக்கச் சொன்னது. கடலிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற தொடர்பு வாக்கியத் தொகுப்பில், ஒரு செய்தியைச் சொல்லும் முன் அது உத்தரவா, எச்சரிக்கையா, தகவலா, கேள்வியா என்பதை ஒரு சொல்லால் அறிவித்துவிடலாம். கேட்பவரின் காது அதற்கேற்பத் தயாராகிவிடுகிறது. எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் வரும் கப்பல்களில் புழங்கும் இந்த நடைமுறைகள், சில மைல் தள்ளியிருக்கும் ஆலைகளுக்கு ஏன் வரக்கூடாது? அதோடு, உத்தரவைக் கேட்டவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், சொன்னவர் அது சரி என்று உறுதிசெய்ய வேண்டும் என்று ஒரு விதி வைத்தால், மறுபடி கேட்பது மரியாதைக் குறைவாக இராது, வேலையின் பகுதியாகிவிடும். ஐ.டி.ஐ. வகுப்பிலேயே இதைப் பழக்கலாம். "கம் எகெய்ன், சார்?", "ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா, சார்?" போன்ற ஐந்தாறு வாக்கியங்களைக் கூச்சமில்லாமல் சொல்லப் பழகுவது, நூறு இலக்கண விதிகளைவிட அந்த இளைஞருக்கு உதவும். திருப்பிக் கேட்டால் எரிந்துவிழாத சூப்பர்வைசர்களும் வேண்டும். அதற்கான பயிற்சி அவர்களுக்கும் வேண்டும்.

தேர்வில் சேர்த்தால்தான் எதுவும் வகுப்பில் நடக்கும் என்பார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2012–13இல் பேசுதல், கேட்டலுக்கென்று தனி மதிப்பீட்டைத் தொடங்கிச் சில ஆண்டுகள் நடத்தியது. மதிப்பெண் கொடுத்தால் கவனம் வரும் என்பது உண்மையே. ஆனால் கற்பிக்காத ஒன்றைச் சோதிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஏற்கெனவே பின்தங்கியவர்களை அது இன்னும் தள்ளும். முதலில் ஆசிரியர் பயிற்சி, பிறகு பாடப்பொருள், அதற்குப் பிறகு தேர்வு என்பதே சரியான வரிசை. 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் தொடங்கப்பட்டது. சிறு குழந்தைகளுக்கான ஒரு திட்டத்தை மாநிலம் முழுவதற்கும் இங்கிருந்து தொடங்க முடிந்ததென்றால், கேட்டலுக்கும் இங்கிருந்தே தொடங்கலாம்.

தொடக்கமாக நான் கேட்பது ஓர் ஒலித் தொகுப்பு. பொன்னேரியில் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது, மீன்வளக் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் ஐ.டி.ஐ.களும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஆங்கிலத் துறை மாணவர்களே இதைச் செய்யலாம். லண்டன் குரல் தேவையில்லை. ஒடியா பேசும் ஃபோர்மேனின் ஆங்கிலம், தெலுங்கு பேசும் தரக் கட்டுப்பாட்டாளரின் ஆங்கிலம், துறைமுகத்தில் சரக்கு கணக்கெடுப்பவரின் ஆங்கிலம், வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில் வரும் பொறியாளரின் ஆங்கிலம், பழவேற்காட்டுப் பக்கம் பறவை பார்க்க வரும் பயணியின் ஆங்கிலம் என்று, உரியவர்களின் சம்மதத்தோடு பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவம்: ஒன்று அமைதியில், ஒன்று எந்திர ஓசையோடு. கூடவே எழுத்து வடிவம், எங்கே மெய்யின் மேல் உயிர் ஏறியது, எங்கே சொல் குறுகியது என்று ஒரு குறிப்பு, பாதிப் பேர் பாதியைச் சரியாகச் செய்யும்படி ஒரு சிறு பணி. கைபேசியில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். காலை ஷிஃப்டுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டியில் போகிறவர்கள் காதில் மாட்டிக் கேட்கும் அளவுக்குச் சிறிதாக இருக்க வேண்டும்.